மறவாமை கேட்ட ஊர்

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த காரைக்காலைப் பற்றி எழுதப் புகுவோர், 1739-ல் பிரெஞ்சுக்காரர் அதைத் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பெற்றதையும், ஆங்கிலேயர் அதைப் பலமுறை பறித்துக்கொண்டு கடைசியில் 1817-ல் திருப்பிக் கொடுத்ததையும், 1954 நவம்பர் முதல் தேதியன்று அது இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்ததையும் சொல்லி முடித்தவுடன், அவ்வூரின் சரித்திரமும் முடிந்துவிட்டதாகக் கருதிப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கொடிகள் ஏறி இறங்கிய அந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கொடியின் கீழும் மாறாமல் நடந்துவந்து, கொடிகளெல்லாம் ஓய்ந்த பிறகு சத்தமின்றி மறைந்துபோன ஒரு பழக்கத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். அது மனனம் என்னும் பழக்கம். அதாவது, கற்றதை நெஞ்சில் நிறுத்தி நாலு பேர் முன்னிலையில் ஒப்பித்தல்.

இந்த ஊருக்கும் ஞாபகத்துக்கும் உள்ள உறவு சேக்கிழார் காலத்திலேயே எழுத்தில் ஏறிவிட்டது. வணிகர் தலைவனாகிய தனதத்தனின் மகள் புனிதவதி, மாங்கனியின் காரணமாகக் கணவன் பரமதத்தனால் தெய்வமென்று அஞ்சி விலக்கப்பட்டு, பேயுருவம் வேண்டிப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்க ஒப்பாமல் தலையால் நடந்து சென்றபோது, இறைவன் அவளைத் தாயென்று அழைத்து வேண்டிய வரம் யாதெனக் கேட்டதாகப் பெரிய புராணம் கூறுகிறது. அப்போது அம்மை, மீண்டும் பிறவாமல் இருக்க வேண்டும், ஒருவேளை பிறக்க நேருமாயின் உன்னை மறவாமல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டாள். செல்வம், ஆயுள், சந்தானம் என்று புராணங்களில் கேட்கப்பட்ட வரங்களின் நீண்ட ஜாபிதாவில், ஞாபகத்தை வரமாகக் கேட்டவர்கள் அரியர். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்களே, அதையும் நான் ஒருவகை ஒப்பித்தலாகவே கருதுகிறேன். திருமணம் முதல் கயிலை வரையிலான கதையை ஊரே ஆண்டுக்கொரு முறை வீதியில் நடத்தி, ஓர் அங்கமும் விட்டுப்போகவில்லை என்று சரிபார்த்துக்கொள்கிறது.

அம்மை பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களும் இந்தச் சரிபார்ப்பைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வெண்பாவின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக அமைவதனால், ஓதுகிறவன் இடையில் ஒன்றை விட்டுவிட்டால் ஓசையே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி வெண்பா முதல் வெண்பாவின் முதற் சொல்லுக்கே வந்து சேர்வதனால், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராதவன் எங்கோ வழி தவறியிருக்கிறான் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். அந்தாதியை வெறும் அலங்காரமாகக் கொள்ளும் இலக்கண ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏட்டைச் செல் அரிக்கும் நாட்டில் செல் அரிக்காத ஓர் ஏடு வேண்டியிருந்தது. அதற்கென்று செய்யப்பட்ட கருவி அது. அம்மையின் மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் நட்டபாடையிலும் இந்தளத்திலும் ஓதுவார்கள் இன்றும் பாடுவதற்கு, ஏட்டைக் காட்டிலும் பண்ணே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

கோயிலில் நடந்தது திண்ணையிலும் நடந்தது. நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று வயல்கள் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில் நெல்லே நாணயம், நெல்லே கூலி, நெல்லே வரி. ஆகையால் பிள்ளை எழுத்தறிவதற்கு முன்பே அளவறிய வேண்டியிருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று நெல்லிலக்கம் ஏறிச் செல்லும். மறுபக்கம் பின்னங்கள், அரை, கால் என்று இறங்கி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரையில் போகும். மாலையில் வீட்டுக்கு விடுமுன் சட்டாம்பிள்ளை எழுந்து நின்று ஒரு வாய்பாட்டின் முதலடியைச் சொல்ல, மற்றவர்கள் அனைவரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள். நடுவில் ஒருவன் தடுமாறினால், பக்கத்திலிருப்பவனின் குரல் அவனைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தத் தடுமாற்றம் வாத்தியாரின் காதுக்குத் தப்பவும் தப்பாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்த செந்தில் பாபு இத்திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடிகளை ஆராய்ந்து, அங்கே மனனம் என்பது அறிவுக்குப் பதிலாக வைக்கப்பட்ட கிளிப்பிள்ளைப் பாடமாக இராமல், கணக்கை அறிந்துகொள்ளும் வழியாகவே இருந்தது என்று வாதிக்கிறார். நெல் களத்தில் அம்பாரமாகக் குவிந்திருக்க, வாரக்காரனும் மிராசுதாரும் எதிரெதிரே நிற்க, ஏடும் எழுத்தாணியுமின்றிப் பங்கைப் பிரித்துச் சொன்ன கணக்குப்பிள்ளையை நினைத்துப் பார்த்தால் அவ்வாதம் சரியென்றே படுகிறது.

காரைக்கால் வியாபாரிக்கு வேறொரு சுமையும் இருந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம், ஒரு பணத்துக்கு இருபத்துநான்கு காசு என்பது கணக்கு. எல்லையைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனாலோ, தரங்கம்பாடிப் பக்கம் போனாலோ, ஆங்கிலேயரின் நாணயத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. இரண்டு வழியிலும் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டே வருகிறது என்பதனால் ஒரு பணம் இரண்டணாவுக்குச் சரியாகிவிடும். இந்தச் சௌகரியத்தை அறிந்த மூளைகள் இரண்டு வாய்பாடுகளையும் ஒருசேரச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்து போய்வந்தன.

இவற்றிலெல்லாம் நான் கவனிக்க வேண்டுவதாகக் கருதுவது ஒன்று. அக்காலத்து ஞாபகம் தனிமனிதனின் அந்தரங்கச் சொத்தாக இருக்கவில்லை. ஓதுவாரின் ஞாபகம் சந்நிதியிலும், கணக்குப்பிள்ளையின் ஞாபகம் களத்திலும், மாணவனின் ஞாபகம் திண்ணையிலும் தினந்தோறும் பகிரங்கமாகப் பரீட்சைக்கு வந்தது. ஆகையால் முதுமையில் அது தளரத் தொடங்கினால், தளர்ந்தவர் அறிவதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அறிந்தார்கள். அறிந்தும் அதை வியாதியென்று வைத்தியரிடம் கொண்டுபோகாமல், விட்டுப்போன அடியைத் தாங்கள் எடுத்துக்கொடுத்து, பாட்டை ஒருவாறு முடித்துவைத்தார்கள். வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்ததும் உண்டு. அது ஞாபகத்தைக் காத்ததாக உறுதியான சான்று இல்லையென்றாலும், வரப்போரத்தில் சும்மா கிடைக்கும் கீரையை யாரும் குறைசொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எப்படிக் குன்றியது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அதே சீகன்பால்கு நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்துதான் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. மணலும் அச்சும் ஒரே மனிதரின் கைகளில் சந்தித்தன. பின்னர்ப் பிரெஞ்சுப் பள்ளிகள் வந்தன. அங்கும் ஒப்பித்தல் ஒரு பாடமாக இருந்தபடியால் மனனம் உடனே மடிந்துவிடவில்லை. நெல்லிலக்கத்தின் இடத்தில் வேறு பாடங்கள் வந்து அமர்ந்தன, அவ்வளவே. 1957 ஏப்ரலில் நயா பைசாவும், தொடர்ந்து கிலோவும் லிட்டரும் வந்த பிறகு முந்திரியும் காணியும் யாருக்கும் பிரயோஜனமற்றுப் போயின. களத்தில் மரக்காலின் ஓசையும் அடங்கிற்று.

மறதியை வைத்தியம் எப்படிப் பார்த்தது என்பதை அறிய இனி பாரிஸுக்குப் போக வேண்டும். காரைக்காலிலிருந்து அங்கே போனவர்கள் எத்தனையோ பேர், நாமும் போகலாம். 1881 செப்டம்பரில் வந்த ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி மத சம்பிரதாயச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரவும், புதியதொரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ளவும் வழி திறந்தது. அதே 1881-ல் தெயோதுல் ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஞாபகத்தின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, மூளை தளரும்போது அண்மையில் கற்றது முதலில் அழியும், பால்யத்தில் படிந்தது கடைசிவரை நிற்கும் என்ற விதியைக் கூறினார். அவ்விதி சரியாயின், நடுவயதில் புதுப்பெயர் பூண்ட காரைக்கால்காரர் ஒருவர் தொண்ணூறு வயது வாழ்ந்திருந்தால், பிரெஞ்சுப் பெயரை மறந்து தாத்தா வைத்த பெயரையே சொல்லியிருப்பார். சட்டம் துறக்கச் சொன்னதை மூளை துறக்கச் சம்மதித்திருக்காது.

ஜெர்மனியில் 1906 நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரத்துக் கூட்டத்தில் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பத்தோரு வயதில் மறதியோடு பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட படிவுகளையும் முறுக்கிழைகளையும் விவரித்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1854-ல், ருடால்ப் விர்கோ, அயோடினைத் தொட்டால் மாவுப்பொருளைப் போல் நிறம் மாறிய ஒரு படிவுக்கு அமிலாய்டு என்ற பெயரை வழங்கியிருந்தார். அது மாவுப்பொருள் அன்று, புரதம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று; மூளையில் சேரும் அந்தப் புரதத்தை 1984-ல் கிளென்னரும் வாங்கும் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். ஆனால் இவையெல்லாம் இறந்தவர் மூளையைப் பற்றிய ஞானம். உயிரோடிருந்து, நன்றாக நடமாடிக்கொண்டு, "எனக்கு முன்போல ஞாபகமில்லை" என்று முறையிடும் ஒருவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் விடையளிக்கவில்லை.

விடையளித்தபோது, முறையிட்டவருக்கு எதிராகவே அளித்தது என்பதுதான் வேடிக்கை. மான்ட்ரியல் நகரத்து மனநோய் வைத்தியராகிய கிரால் 1962-ல் எழுதிய கட்டுரையில் மறதியை இரண்டாகப் பகுத்தார். கல்யாணத்துக்குப் போனது ஞாபகமிருந்து, அங்கே சந்தித்தவரின் பெயர் மட்டும் வராமற்போவது சாதுவான மறதி. கல்யாணத்துக்குப் போனதே மறந்துபோவது கொடிய மறதி. முதலாவது வகையினர் தம் குறையை அறிந்திருப்பார்கள். இரண்டாவது வகையினர் அறியமாட்டார்கள். இதிலிருந்து வைத்தியர்கள் ஒரு சுருக்கவழியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: மறதியென்று தானே வந்து சொல்பவருக்குப் பயமில்லை, கவலையாக இருக்கலாம், தூக்கக் குறைவாக இருக்கலாம், சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். இந்தச் சமாதானம் பெரும்பாலோர் விஷயத்தில் சரியாகவே இருந்தது. இன்றும் சரியாகவே இருக்கிறது. மனச்சோர்வும் தைராய்டுக் குறைவும் பி12 வைட்டமின் பற்றாக்குறையும் மறதியைப் போல வேஷம் போடுவதுண்டு. ஆனால் எல்லோர் விஷயத்திலும் சரியாக இல்லை.

1982-ல் நியூயார்க் நகரத்து ரைஸ்பர்க் மறதிநோயை ஏழு படிகளாக வகுத்தபோது, பரீட்சையில் ஒன்றும் தெரியாமல் அவரவர் முறையீடு மட்டுமே இருக்கும் நிலைக்கு இரண்டாவது படியில் இடம் கொடுத்தார். 2014-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பிராங்க் யெஸ்ஸன் தலைமையில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி அந்நிலைக்கு இலக்கணம் செய்தார்கள்: தம் பழைய நிலையோடு ஒப்பிட்டால் அறிவாற்றல் தொடர்ந்து குறைந்துவருவதை ஒருவர் தாமே உணர வேண்டும், திடீரென்று நேர்ந்த நோயோ விபத்தோ அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது, வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற பரீட்சைகளிலோ அவர் குறைவின்றித் தேற வேண்டும். ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்லும் வார்த்தைக்கு, கருவிகள் அதை மறுத்தபோதிலும், சாட்சியாக மதிப்பு உண்டு என்று சாஸ்திரம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அந்தச் சாட்சியத்தை எதைக் கொண்டு சரிபார்ப்பது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கதிரியக்கச் சாயமொன்று 2002-ல் ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டு, உயிரோடிருப்பவரின் மூளையிலுள்ள அமிலாய்டைப் பெட் ஸ்கேன் படத்தில் காட்டிற்று. அதன் பின்னர், மறதி வெளிப்படுவதற்குப் 15, 20 ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது என்பது தெரியவந்தது. பிணேலும் எஸ்கிரோலும் ஷார்கோவும் பணிபுரிந்த பாரிஸ் சல்பேத்ரியேர் ஆஸ்பத்திரியில், மறதியென்று முறையிட்டும் பரீட்சையில் தேறிய 70 முதல் 85 வயதுக்குட்பட்ட 318 பேரைச் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளிவந்தது. அவர்களில் 88 பேருடைய மூளையில் அமிலாய்டு அளவுக்கு மேல் இருந்தது. ஆயினும் முப்பது மாதங்களுக்குப் பிறகு நோயின் அடுத்த கட்டத்துக்குச் சென்றவர்கள் நால்வரே. முறையிடுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர், படிவு உள்ளவர்கள் எல்லோரும் உடனே நோயாளிகள் ஆகிவிடுவதும் இல்லை என்ற இரண்டையும் அந்த எண்கள் ஒருங்கே சொல்லுகின்றன; பத்திரிகைத் தலைப்புகள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் சொல்லுகின்றன.

படிவைப் பார்ப்பது ஒருபுறமிருக்க, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பை அளப்பது இன்னும் நுட்பமான வேலை. 1995-ல் அமெரிக்காவில் பணிபுரிந்த பாரத் பிஸ்வால், ஒருவர் ஒரு வேலையுமின்றிச் சும்மா படுத்திருக்கும்போதும், கையசைவை ஆளும் இடப்பகுதியும் வலப்பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை எம்.ஆர்.ஐ. கருவியில் கண்டார். 2001-ல் மார்க்கஸ் ரெய்க்லி, மனம் வெளி வேலையை விட்டுத் தனக்குள் திரும்பும்போது சுறுசுறுப்படையும் பகுதிகளின் கூட்டத்தை விவரித்தார். பழையதை நினைப்பதும் வருவதை எண்ணுவதும் அவற்றுக்கு உரிய தொழில்கள். அமிலாய்டு முதலில் குடியேறும் இடங்கள் பெரும்பாலும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருப்பது நான்காண்டுகளில் தெரிந்தது. தானே உணரும் மறதி நிலையிலுள்ளவர்களை ஆராய்ந்தவர்களில் சிலர் இத்தொடர்புகள் வழக்கத்தைவிட மிகுந்திருப்பதாகவும், சிலர் குறைந்திருப்பதாகவும் கூறியிருக்கிறார்கள். டெல்டாக்காரருக்கு இதில் அதிசயமில்லை. தலைவாய்க்கால் தூர்ந்துவரும் காலத்தில் பக்கவாய்க்கால்களில் தண்ணீர் கரைபுரள ஓடும்; அவ்வோட்டத்தைக் கண்டு ஆற்றில் வெள்ளமென்று மகிழ்கிறவன் அடுத்த போகத்தில் உண்மையை அறிவான். மிகுதி முதலிலும் குறைவு பிறகும் வருகின்றன என்பது பலரின் ஊகம். அந்த மிகுதி ஈடுசெய்யும் முயற்சியா, நரம்பணுக்களின் கட்டுமீறிய துடிப்பா என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை.

மனனம் செய்த மூளைகள் இந்த வழக்கில் என்ன சொல்லும்? 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹரியானாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் யஜுர்வேத பண்டிதர்கள் 21 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில், ஞாபகத்துக்கும் மொழிக்கும் உரிய சில பகுதிகள் மற்றவர்களைவிடச் செறிந்திருந்தன. செறிவு வேறு, காப்பு வேறு. மனனம் செய்தவருக்கு மறதிநோய் வராது என்று அதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். 2013-ல் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதித்து வந்ததாகவும், எழுதப்படிக்கத் தெரியாதவரிடமும் இவ்வித்தியாசம் காணப்பட்டதாகவும் கண்டார்கள். இதைப் படிக்கும்போது பணத்தையும் அணாவையும், தமிழையும் பிரெஞ்சையும் ஒருங்கே சுமந்த காரைக்கால்காரரின் நினைவு வராமற்போகாது.

தமிழ்நாட்டில் மறதிநோயை எண்ணிக் கணக்கெடுத்த முந்திய முயற்சிகளுள் ஒன்று சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதியில் நடந்தது. அறுபது வயது கடந்த 750 பேரில் நூற்றுக்கு 3.5 பேருக்கு நோய் இருந்ததாக அதன் முடிவு 1997-ல் வெளிவந்தது. அண்மையில், 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு நூற்றுக்கு 7.4 என்றும், நாடு முழுவதும் 88 லட்சம் பேர் என்றும் கூறுகிறது. நம் நாடு போன்ற இடங்களுக்கென்று 1998-ல் கொச்சியில் தொடங்கிய 10/66 என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் பயன்படுத்திய முறையில், முதியவரைக் கேட்பதோடு, அவருடன் வாழ்கிறவரையும் தனியே கேட்டுப் பதில் எழுதிக்கொள்வார்கள். திண்ணையும் களமும் செய்த வேலையை இந்த இரண்டாவது கேள்வித்தாள் செய்கிறது. பிள்ளைகள் பாரிஸிலும் முதியவர் காரைக்காலிலுமாக இருக்கும் வீடுகளில் இந்தத் தாளை யாரிடம் நீட்டுவது? அங்கே முதியவரின் சொந்த வார்த்தை ஒன்றே சாட்சியாக மிஞ்சுகிறது.

பழைய பழக்கம் அடியோடு போய்விடவில்லை. காரைக்கால், நாகூர்ப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதத்து இரவுகளில் தராவீஹ் தொழுகையின்போது, குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் தாங்கிய ஹாபிழ் ஒருவர் முன்னின்று ஓதிக்கொண்டே போவார். அவருக்குப் பின்னால் வரிசையில் மற்றொரு ஹாபிழ் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். முன்னவர் ஒரு சொல்லில் தயங்கினாலோ, ஒத்த ஓசையால் மயங்கி வேறொரு வசனத்துக்குள் நுழைந்துவிட்டாலோ, பின்னவர் உரிய சொல்லைச் சற்றே உரக்க எடுத்துக்கொடுப்பார். முன்னவர் அதை வாங்கிக்கொண்டு மேலே செல்வார். யாரும் அதை இழுக்கென்று கருதுவதில்லை. பதிகம் ஓதும் முதிய ஓதுவாரையும், பல ரமலான்களைக் கண்ட முதிய ஹாபிழையும் தேடிப்பிடித்து, ஆண்டுக்கு எத்தனை இடங்களில் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவரவர் தம் ஞாபகத்தைப் பற்றிச் சொல்லும் வார்த்தையையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று இந்த ஊரில் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். பரீட்சைத் தாளில் தேறிய மறதி, தராவீஹிலும் தேறுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.